முருங்கைக் கீரையும் அமெரிக்க மாத்திரையும்

ஸ்ரீ:
திருப்பதி
12-2-1983

சிரஞ்சீவி சம்பத்குமாருக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஒரு வரியில் முடித்துவிட்டு ஊர்க்கதைக்குப் போக இந்தத் தடவை மனசு வரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் பெண்டாட்டி மரகதம் நன்றாக இருக்கிறாள், வயிற்றுக் குழந்தையும் நன்றாக இருக்கிறது என்று நேற்றுத்தான் டாக்டரம்மா சொன்னாள். பதறாமல் உட்கார்ந்து படி. அங்கே பனி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயோ இல்லையோ.

தாயில்லாப் பெண், பிரசவம் நம் அகத்திலேயே ஆகட்டும் என்று நான்தானே வைத்துக்கொண்டேன். மார்கழி பிறந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வேளை வந்தால் அவள் கூடத்து மூலையில் போய் உட்கார்ந்துவிடுவாள். கொல்லையில் நாலு பூ பறித்து வா என்றால் அப்புறம் போகிறேன் என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும், இந்த வேளையில் மூலையில் உட்காருகிற பெண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று அவள் காதுபடவே உன் அப்பாவிடம் சொன்னேன். ஒரு நாள் பொழுது சாய்ந்ததும் காய்ந்த துணியை எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன், துவைக்கிற கல்லில் இடறிக் கையை ஊன்றி விழுந்தாள். நல்லவேளை வயிற்றில் அடிபடவில்லை. அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா, கண்ணைப் பிடரியிலயா வெச்சிண்டிருக்கே என்றேன். அவள் விசும்பிக்கொண்டே, இருட்டினா ஒண்ணுமே தெரியலம்மா, மூணு வாரமா இப்படித்தான் இருக்கு என்றாள்.

மறுநாள் ரத்னம்மா டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாலைக்கண், வைட்டமின் ஏ குறைந்திருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வருவதுதான் என்றாள். என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டதும் நான் ஏதோ பெருமையாகத்தான் சொன்னேன், கீரை வாயு, பறங்கிக்காய் வாயு, பப்பாளி பேச்சே கிடையாது, கேரட்டும் முருங்கையும் பெருமாளுக்குப் படைக்கிற தளிகைக்கு ஆகாது, மசக்கையில் பாலும் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. அங்கே நர்ஸ் செல்லியம்மா, பங்காருபாளையத்துக்காரி, நம் தெருவிலேயே குடியிருப்பவள், பட்டென்று கேட்டுவிட்டாள், முருங்கத் தழய ஒடிச்சி மாட்டுக்குப் போட்டுக்கினு கீறீங்களே, அத்த இந்தப் பொண்ணு துன்னா ஆவாதா என்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தினம் ஒரு சின்ன மாத்திரை, கீரை, பறங்கிக்காய், வெறும் பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் மோராவது நெய்யாவது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாள். மாத்திரை பத்தாயிரம் யூனிட்டுக்கு மேல் கூடவே கூடாது, இது உடம்பிலேயே தங்கிவிடும், அதிகமானால் குழந்தைக்குக் கெடுதல் என்று இரண்டு தரம் சொன்னாள். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினேனே தவிர மனசில் வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வாரமே உன் சிநேகிதன் சித்தூர் தேவானந்தம், அங்கிருந்து லீவில் ஊருக்கு வந்தவன், நீ கொடுத்தனுப்பிய மாத்திரை சீசாவைக் கொண்டுவந்து கொடுத்தான். தினம் இரண்டு போட்டுக்கொள் என்று அவளுக்கு நீ எழுதியிருந்த சீட்டைப் பார்த்துத்தான் அவள் கண் விஷயம் உனக்கு முன்பே தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. கடல் தாண்டி இருக்கிற உனக்கு எழுத முடிந்தது, கூப்பிடு தூரத்தில் இருக்கிற என்னிடம் சொல்ல முடியவில்லை. ஏண்டி சொல்லலை என்று கேட்டேன், திட்டுவேளோன்னு பயமா இருந்ததும்மா என்றாள். அன்று முழுக்க எனக்குச் சாதம் இறங்கவில்லை. அந்தத் தவிப்பில் ஒரு காரியம் செய்தேன் கண்ணா. டாக்டர் மாத்திரையோடு உன் மாத்திரை இரண்டு, என் பாவத்துக்கு இன்னொன்று என்று எட்டு நாள் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அவளுக்கு மண்டையிடி, வாந்தி, உதடெல்லாம் வெடிப்பு. உன் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு சீசாவைப் படித்தார், ஒரு மாத்திரையே இருபத்தையாயிரம். கோவில் மடைப்பள்ளியில முப்பது வருஷமா உப்புப் போடறேன், குறைஞ்சா சேர்த்துக்கலாம், கூடினா எதைக் கொண்டு எடுப்பேடி என்று கத்தினார். அவளையும் சீசாவையும் கூட்டிச் சேர்த்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். டாக்டரம்மா எல்லா மாத்திரையையும் நிறுத்தி, சீசாவையும் வாங்கி வைத்துக்கொண்டாள். ஆரம்ப மாதங்களில்தான் ஆபத்து அதிகம், இவளுக்கு ஆறு முடிந்துவிட்டது, குழந்தையின் நாடித்துடிப்பு நன்றாக இருக்கிறது, இனி சாப்பாடே போதும் என்றாள். அதைக் கேட்கிறவரை நான் வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை.

இப்போது பறங்கிக்காய்க் கூட்டும் முளைக்கீரையும் பெருமாளுக்கே தினம் தளிகை. முருங்கைக் கீரைக்கு மட்டும் கொல்லையில் தனியாகக் குமுட்டி அடுப்பு. பெருமாளுக்குக் காட்டாததை எப்படிம்மா சாப்பிடறது என்று மரகதம் தட்டைத் தள்ளினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் கவளத்தை என் வாயில் போட்டுக்கொண்டேன், ஐம்பத்து மூன்று வயசில் முதல் தடவை. அப்புறம் அவளும் சாப்பிட்டாள். உன் அப்பா பார்த்தும் பார்க்காத மாதிரி வாசலுக்குப் போய்விட்டார். நன்றாகத்தான் இருக்கிறது, உன் அத்தைக்கு எழுதிவிடாதே.

நேற்று சாயங்காலம் இன்னும் விளக்கேற்றவில்லை, கொல்லையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மரகதம் வாசற்படியில் நின்றுகொண்டு, அம்மா, உங்க மூக்குத்தி கழண்டு தொங்கறது, விழுந்துடப் போறது என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனிமேல் நீயாக மாத்திரை எதுவும் அனுப்பாதே. பெருமாள் உன்னைக் கண்ணும் கருத்துமாக வைத்திருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. மரகதத்துக்கு எழுதும்போது மறக்காமல் ஒன்று எழுது, உடம்புக்கு என்ன வந்தாலும் முதலில் அம்மாவிடம் சொல் என்று. திட்டமாட்டேன் என்று சத்தியம் பண்ண எனக்கு தைரியமில்லை, என் வாய் உனக்குத் தெரியும். திட்டிக்கொண்டேயாவது டாக்டரிடம் கூட்டிப்போவாள் என்று எழுது.

உன் அம்மா,
வேங்கடலக்ஷ்மி