மடிக்கிற போனும் சோபா பிளாஸ்டிக்கும்

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் நிப்றாஸுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உம்மாவும் சுகம், உன் சுகத்துக்கும் துஆ கேட்டபடி இருக்கிறோம், நீ அனுப்பிய போனுக்கு மட்டும்தான் இந்த வீட்டில் சுகமில்லை. அதனால்தான் பேனை பிடித்து எழுதி, தோஹாவுக்குத் திரும்புகிற உன் றாஸிக் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன். உம்மாவின் பட்டன் போனில் எடுத்தால் ஸலாம் சொல்லி முடிய முன்னம் காசு முடிகிறது, மிச்சத்துக்கு நீ என்னைக் கதைக்க விடுவதுமில்லை. மாமா வழியில் பிரித்துப் படிப்பார், படிக்கட்டும், அவருக்கும் அந்தப் போனில் ஒரு கண் இருந்தது.

நீ என்ன சொன்னாய், வாப்பா பாவித்துப் பாருங்க, நான் வேலையை விட்டுட்டு வந்து இந்த மடிக்கிற போனுக்கெண்டே பஸாரில் கடை போடப்போறன், கடைச் சொந்தக்காரருக்கு முற்பணத்தைக் கொடுங்க எண்டாய். பாவித்துப் பார்த்தேன் மகன். முதல் கிழமை பள்ளிவாசலில நின்று தேவையில்லாமல் திறந்து திறந்து மூடினேன், பொய் சொல்லமாட்டேன். அடுத்த வீட்டு றுகையா மாமி, ஆதம்பாவா, பவுடர் டப்பி வாங்கியிரிக்கியா எண்டு என்னைக் கேட்டதோடு அந்தப் பெருமை இறங்கிற்று. சேட் பையில் போட்டால் ஒரு பக்கம் தொங்குது, மோட்டார் சைக்கிளில் போகையில் ஒரு கையால் திறக்க ஏலாது, கடற்கரை வெயிலில் பார்த்தால் என் மீசைதான் தெரியுது, மஃரிப் தொழுகைக்கு முன்னம் சார்ஜ் போயிடும். இதையெல்லாம் பொறுத்தேன். இறக்காமத்து வயலில் வேளாண்மை வெட்டுக்குக் கொண்டுபோனதுதான் பிழை. நெல் வெட்டுற மெஷின் தூசி போனின் மடிப்புக்குள்ளே போய், திறக்கும்போதெல்லாம் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி நறநறவென்றது, திரை நடுவில் பிளாஸ்டிக்கும் கொப்பளித்து எழும்பிற்று.

நீ ஏ.எல். படிக்கிற காலத்தில் வாங்கின சோபாவில் இன்னும் பிளாஸ்டிக் உரிக்காத மனுசன் நான். லீவில் வரும்போதெல்லாம் நீ சிரிப்பாய், வியர்வையில் ஒட்டிப்போன விருந்தாளிகளை இழுத்தல்லவா எழுப்ப வேணும், உரித்துப் போடுங்க வாப்பா எண்டு. சரி, ஒரு தடவையாவது மகன் சொல் கேட்போம் எண்டு கொப்பளித்த இடத்தில் நகத்தை வைத்து உரித்தேன். அது மேலே ஒட்டின பிளாஸ்டிக் இல்லையாம், திரையின் தோலாம். அரைவாசி கறுத்துப் போயிற்று. உம்மா சோபாவை ஒருக்காப் பார்த்தா, அவ்வளவுதான். போன் திருத்துகிற முஹ்ஸினிடம் கொண்டுபோனேன். மாமா, இதை நான் திறக்கமாட்டன், கொழும்பிலயும் சாமான் வருமோ தெரியாது, கம்பனிக்காரனுகள் வருசத்துக்கு ஒண்டு புதிசா விடுறானுகள், பழசை மறந்துர்றானுகள், நாளைக்கு நல்லாச் செய்வானுகளோ, இல்லாட்டி செய்யிறதையே விட்டுருவானுகளோ, ஆருக்குத் தெரியும் எண்டான். மணலும் உப்புக்காத்தும் நெல் தூசியும் உள்ள ஊரில இதுக்கெண்டே ஆராவது கடை போடுவானா எண்டும் கேட்டான். என் மகன்தான் எண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் முற்பணம் கொடுக்கவில்லை, கோபிக்காதே. கடை வேண்டாம் எண்டில்லை, ஊர்ச்சனம் பாவிக்கிற மாதிரிப் போனை விற்று, திருத்துகிற கடையாகப் போடு, முஹ்ஸினும் கூட நிற்பான். ராஜினாமாக் கடிதத்தை மட்டும் இப்போது கொடுத்துவிடாதே. கடைசியாக அந்தப் போனில் வீடியோவில் எடுத்தபோது உம்மாவுக்கு உன் பாதி முகம்தான் தெரிந்தது, அந்தப் பக்கம் மெலிந்திட்டாம், மற்றப் பக்கம் எப்படி எண்டு கேட்டு எழுதச் சொன்னா.

அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் ஆயுளையும் பறக்கத்தையும் தரட்டும், தொழுகையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாயா இல்லையா எண்டு உம்மாவின் போனுக்கு எடுத்துச் சொல். கொடுத்திருந்தாலும் ஏசமாட்டேன், முழு முகத்தோடு வந்து இங்கே உட்கார். சோபா பிளாஸ்டிக்கை உம்மா நேற்று உரித்துப் போட்டுட்டா, அதற்குக் கீழே ஒன்றும் பழுதாகவில்லை.

இப்படிக்கு,
உன் வாப்பா
ஆதம்பாவா