விளாவிய தண்ணீர்

றொசல்ல
14.06.2025

அன்பு மகள் சிசிலிக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் ஷெரோமியும் சுகம், துபாய் வெயிலில் நீயும் சுகமாயிருக்கச் செபிக்கிறோம். சுகம் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், மீதியைப் பதறாமல் வாசி. போன வாரம் உன் மகள் ஷெரோமிக்கு மூன்று நாள் வயிற்றோட்டம். இப்போது நன்றாகிவிட்டாள், நேற்று இரண்டு ரொட்டி தின்றுவிட்டு என் தட்டைப் பார்த்தாள். போனில் சொல்லத் தைரியம் வரவில்லை.

இந்த வருடம் மழை முன்போல் இல்லை. ஏப்ரல் வரை மலை ஊற்றிலிருந்து வரும் நம் பீலிக் குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தது, பிறகு ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்து பீலித் தண்ணீர் சாயத்தண்ணி நிறமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பதினொரு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அங்கே வரும் தாதி ஜீவராணி வயிற்றோட்டத்துக்கு ஓயாமல் ஜீவனி உப்புப் பாக்கெட்டைக் கரைத்துக் கொடுத்ததில் பிள்ளைகளுக்கு அவர் ஜீவனி மிஸ் ஆகிவிட்டார். தோட்ட லயத்து வீடுகளில் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார்களா என்று விசாரிக்கும் வேலையை, ஓய்வுபெற்ற வாத்தியார் என்று என்னிடம் தந்தார். நானும் கோடு போட்டு, என் வீடு உட்பட முப்பத்திரண்டு வீட்டுக்கும் சரி போட்டுக் கொடுத்தேன். அப்படியானால் நோய் எங்கிருந்து வருகிறது என்று அவர் குழம்பிப்போனார்.

ஷெரோமியைப் பார்க்க அவர் வந்திருந்தபோது பிள்ளை தண்ணீர் கேட்டாள். பிளாஸ்கிலிருந்து பாதி ஊற்றினேன், சூடு தாங்காதே என்று பீலி வாளியிலிருந்து பாதி ஊற்றி விளாவினேன். அவர் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு, ஐயோ சேர், முப்பத்திரண்டு சரியும் இப்படித்தானா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி எல்லாக் கதவையும் தட்டினேன், இருபத்தேழு வீட்டில் விளாவல்தான். பக்கத்து வீட்டு மீனம்மா, ஆறுற வரைக்கும் பாத்துக்கிட்டு நின்னா மலைக்குக் கொழுந்து பறிக்க யாரு சேர் போறது என்று என்னையே கேட்டாள். இப்போது லயம் முழுக்க முதல்நாளே கொதிக்கவைத்து மூடி ஆறவிடுகிறோம். நம் பானையில் உன் மகள், தாத்தா கைவைக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

பிள்ளையை அட்டன் விடுதியில் சேர்க்கலாமா என்று போன மாதம் கேட்டாய். என் கவனத்தை நானே நம்ப முடியாதபோது இங்கேயே இருக்கட்டும் என்று எப்படிச் சொல்வேன், நீயே தீர்மானி. விளாவியது சில நாள்தான் என்று இந்தக் கடிதத்தில் முதலில் எழுதியிருந்தேன். ஷெரோமி எட்டிப் பார்த்து, பொய் எழுதாதீங்க தாத்தா, எல்லா நாளும்னு எழுதுங்க, நான் ஹாஸ்டலுக்குப் போகமாட்டேன்னும் எழுதுங்க என்றாள். இரண்டையும் எழுதிவிட்டேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். நீயும் அங்கே விளாவாமல் குடி.

அன்புள்ள அப்பா,
யேசுரட்ணம்