வாயைத் திற

பிப்ரவரி 9

காய்ச்சல் விட்டுவிட்டது. இன்று தையல் கடைக்குப் போய் அரை நாள் துணி வெட்டினேன்.

போன வாரம் நடந்ததை எழுதாமலே விட்டிருந்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் வாந்தி வந்தது. மற்றவர்களுக்கு என்றால் வாயைத் திறந்தால் முடிந்தது. என் வாய் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத அளவுக்குத்தான் திறக்கும். ஆறு வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து முகவாயில் அடிபட்டது. வலது காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிப்போய்விட்டது. வந்தது வெளியே போக வழியில்லாமல் மூக்கில் ஏறியது, தொண்டைக்கே திரும்பியது. மூச்சு நின்றுவிட்டது. குளியலறைத் தரையில் கிடந்து காலை உதைத்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அத்தைதான் ஓடிவந்தார் – என் மாமியார். என்னை ஒருக்களித்துப் புரட்டி, தலையைத் தாழ்த்தி, முதுகில் அறை அறையென்று அறைந்து, பல்லிடுக்கு வழியாக எல்லாம் வடியும்வரை விடவில்லை. முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கை இரும்பு.

எனக்கு மூச்சு வந்ததும் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த தடவை நான் வீட்ல இருப்பேனா, கடைக்குப் போயிருப்பேனா, யாருக்குத் தெரியும்? டாக்டரைப் பாரு."

பிப்ரவரி 16

தாடை அறுவை டாக்டரைப் பார்த்தோம். பெண் டாக்டர். ஸ்கேன் படத்தைத் திரையில் சுழற்றிக் காட்டினார். இடது பக்கம் மூட்டு அழகாக, கிண்ணத்தில் உருண்டை வைத்தது போல இருக்கிறது. வலது பக்கம் மூட்டே இல்லை. காரையைக் கொட்டி மெழுகியது மாதிரி வெள்ளையாக ஒரு திரட்டு.

"இந்த எலும்பை வெட்டி எடுத்துட்டு, நடுவுல இடைவெளி விடுவோம். மறுபடி ஒட்டாம இருக்க, நெத்திப்பொட்டுத் தசையில கொஞ்சம் மடிச்சு உள்ள வைப்போம். அது பாதி வேலை. அது என்னோடது. மீதிப் பாதி உங்களோடது. தினமும் வாயைத் திறந்து திறந்து பயிற்சி செய்யணும். வலிக்கும். ஒரு வருஷத்துக்கு. விட்டீங்கன்னா ஒட்டிக்கும்."

"தெரியும் டாக்டர்," என்றேன். "ஒரு தடவை ஒட்டியிருக்கு."

பன்னிரண்டு வயதில் நடந்த முதல் அறுவையைச் சொன்னேன். "அப்ப பயிற்சி செய்யலையா?" என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "விட்டுப்போச்சு டாக்டர்," என்று மழுப்பினேன்.

இங்கே சொல்லலாம். அப்போது தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருகச் சொன்னார்கள். நான் தெருவே கேட்கும்படி கத்தினேன். ஒரு நாள் அம்மா குச்சிக்கட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். "என் பிள்ளை இப்படித் துடிக்கிறதுக்கு அந்த வாய் திறக்காமலே இருக்கட்டும்." அன்றைக்கு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்.

பிப்ரவரி 17

செய்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 1

மயக்க மருந்து டாக்டர் இன்று பேசினார். இளைஞர். என் வாயை எட்டிப் பார்த்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அந்தத் துடைப்பு பிடிக்கவில்லை.

எல்லோருக்கும் மயங்கிய பிறகு வாய் வழியாக மூச்சுக்குழாய் போடுவார்களாம். எனக்கு வாயே இல்லை என்பதால் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாக, கேமரா வைத்த மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் இறக்க வேண்டுமாம். "போகலைன்னா?" என்றேன். கழுத்தில் கைவைத்துக் காட்டினார். அங்கே துளை போடுவார்களாம். அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

இவர் – என் கணவர் – லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் சிக்கிய லிஃப்டின் மேல் நின்று பாட்டுப் பாடுகிற மனுஷன். ஆஸ்பத்திரி வாசலில் வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்கத் தெரியாமல் தடுமாறினார். "பயமா?" என்றேன். "சேச்சே," என்றார். சாவி கீழே விழுந்தது.

கடையில் என் பட்டப்பெயர் பூட்டு. பல்லைக் கடித்துக்கொண்டே பேசுவதால் எல்லோருக்கும் நான் கோபக்காரி. இன்று முதலாளி, "பூட்டு, சீக்கிரம் திறந்துக்கிட்டு வா," என்றார். சிரித்தேனா? தெரியவில்லை. பயந்தால் என் முகம் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

மார்ச் 5

நாளை.

மார்ச் 9

உயிரோடு இருக்கிறேன். தலையைச் சுற்றிக் கட்டு. எழுத்து கோணலாக வருகிறது.

அந்தக் குழாயை மறக்க முடியாது. மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போக வைத்தார்கள். "மூச்சை இழுங்க, நல்லா இழுங்க, நிறுத்தாதீங்க" – அந்த இளைஞரின் குரல் காதோரம் கேட்டுக்கொண்டே இருந்தது. குரல்வளையைத் தாண்டியபோது இருமல் பிடுங்கியது. குளியலறைத் தரை ஞாபகம் வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். யாரோ ஒரு நர்ஸ் என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு, "உள்ள போயிடுச்சு," என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியிலிருந்துதான் அவரும் பயந்திருந்தார் என்று தெரிந்தது. அடுத்த நொடி எதுவும் இல்லை.

டாக்டர் அறுவை மேசையில் எடுத்த படத்தைக் காட்டினார். என் வாய். மூன்று விரல் அகலம் திறந்து கிடக்கிறது. உள்ளே என் நாக்கு முழுசாக. கடைசியாக அதைப் பார்த்தபோது பள்ளிக்கூடச் சீருடை போட்டிருந்தேன்.

ஆனால் வலது கண் மூடவில்லை. புருவம் ஏறவில்லை. கண்ணாடியில் பாதி முகம் என்னுடையது, பாதி யாருடையதோ. நரம்பு இழுபட்டிருக்கிறது, அறுபடவில்லை, "பெரும்பாலும் திரும்பி வந்துடும்" என்கிறார் டாக்டர்.

பெரும்பாலும். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? அதுவும் ஒரு கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு?

மார்ச் 13

வீட்டுக்கு வந்துவிட்டேன். கூட இருந்து பார்த்துக்கொள்ள அம்மா வந்திருக்கிறாள். பயிற்சிக்குக் குச்சிகளோடு ஒரு திருகுக் கருவியும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தகடுகளைப் பல்லுக்கு நடுவே வைத்துத் திருகினால் அவை விலகும். "கார் டயர் மாத்துற ஜாக்கியோட குட்டி," என்று இவர் சொன்னார். முதல் திருகிலேயே அறையை விட்டு வெளியே போனவரும் இவர்தான்.

வலி என்று எழுதினால் போதாது. வேறு சொல்லும் தெரியவில்லை.

மார்ச் 19

அம்மா இன்று காலைப் பயிற்சியை விட்டுவிடலாம் என்றாள். "முகமெல்லாம் வீங்கியிருக்கு. சாயங்காலம் சேர்த்துச் செஞ்சுக்கலாம்." சாயங்காலம், "களைச்சுப்போயிருக்கே, நாளைக்குப் பார்ப்போம்," என்றாள்.

நானும் சரி என்றேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது! அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 24

இன்றைக்கு எல்லாம் வெடித்தது.

மறுபரிசோதனை. டாக்டர் அளந்து பார்த்தார். மறுபடி அளந்தார். மூன்று விரல் இருந்தது ஒரு விரலாகியிருக்கிறது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அளவுகோலை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "மூணாவது தடவைன்னா இதைவிட ரொம்பக் கஷ்டம். வீட்ல யார் பயிற்சி செய்யவைக்கிறது?" என்றார்.

"நான்தான் டாக்டர்," என்றாள் அம்மா.

டாக்டர் அம்மா பக்கம் திரும்பினார். "நீங்க வேண்டாம்மா," என்றார். அவ்வளவு மென்மையாக.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டுவிட்டேன். அன்னிக்கு குச்சியை ஏம்மா குப்பையில போட்டே?

"உனக்குப் பன்னிரண்டு வயசு. மிருகம் மாதிரி கத்தினே. என் கையாலேயே உன்னை வதைக்கச் சொன்னாங்க. நான் என்னடி செய்வேன்? ஒரு தாய் என்ன செய்வா?"

வாசல்படியில் நின்றிருந்த அத்தைதான் பேசினார். "உங்களுக்குப் பொண்ணு மேல பாசம், சம்பந்தி. அது தப்பில்ல. எனக்கு அந்தத் தொல்லை இல்ல. நான் பார்த்துக்கறேன்."

அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. என்னைப் பார்த்தாள். "வேண்டாம் அத்தை" என்று நான் சொல்வேன் எனக் காத்திருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போம்மா," என்றேன்.

சாயங்காலப் பஸ்ஸில் போய்விட்டாள். பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் செய்தது சரியா? சரிதான். அப்படியானால் ஏன் இருட்டும்வரை வாசலிலேயே நின்றேன்?

மார்ச் 25

"வாயைத் திற."

அத்தைக்கு வேறு பேச்சே கிடையாது. ஐயோ, அம்மா என்று நான் முனகினால், "அம்மா ஊருக்குப் போயாச்சு. திற."

மார்ச் 28

முடியல. முடியவே முடியல. ஏன் எனக்கு மட்டும் இப்படி? யார் குடியைக் கெடுத்தேன் நான்?

ஏப்ரல் 4

இன்று அத்தையைத் திட்டிவிட்டேன். கருவியைப் பிடுங்கிச் சுவரில் எறிந்து, ராட்சசி, உனக்கு ஈரமே இல்லையா, நீ பெற்ற மகளாக இருந்தால் இப்படிச் செய்வாயா என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஏதென்று விசாரித்தார். "ஒண்ணுமில்லீங்க, மருமக பேசிப் பழகுறா," என்று சொல்லி அனுப்பினார் அத்தை.

கருவியைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து மறுபடி எதிரில் உட்கார்ந்தார். "சத்தம் நல்லா வருது. அப்ப வாய் நல்லாத் திறக்குதுன்னு அர்த்தம். இன்னும் ஒரு திருகு."

அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்தால் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 12

பயிற்சி முடிந்ததும் தினமும் அத்தை போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவார். பழைய கண்டக்டர் தோழிகளோடு வம்பு பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். இன்று தண்ணீர் குடிக்க எழுந்து போனபோது காதில் விழுந்தது.

"இன்னிக்கு ரெண்டு விரல் முழுசா உள்ள போச்சு... அழுதா. அழாம இருப்பாளா? ஆனா விடச் சொல்லல. அவளேதான் இன்னும் ஒரு திருகுன்னு சொன்னா... சரி சரி, நீங்க அழாதீங்க. முதல்ல சாப்பிடுங்க சம்பந்தி."

சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 13

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். இரண்டு பேரும் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

மே 7

குளிக்கும்போது வலது கண்ணில் சோப்பு எரியவில்லை. முதலில் கவனிக்கவே இல்லை. துண்டை எடுக்கும்போதுதான் உறைத்தது. கண் மூடியிருக்கிறது! ஈரத் தலையோடு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். புருவம் ஏறவில்லை. ஆனால் இமை மெல்ல மெல்ல இறங்கி, கடைசி நூலளவும் ஒட்டிக்கொண்டது. இவரைக் கூப்பிட்டுப் பத்துத் தடவை கண்ணடித்துக் காட்டினேன். மனுஷனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

ஜூன் 20

இரண்டரை விரலுக்கு மேலே போக மாட்டேன் என்கிறது. மூன்று வாரமாக அதே இடம். திருகினால் பாறையில் முட்டியது போல நிற்கிறது. இதுதான் எல்லையா? உள்ளே மறுபடி எலும்பு பூக்கிறதா? திங்கட்கிழமை படம் எடுக்க வேண்டும். அத்தைகூட இன்று அதட்டவில்லை. அதுதான் என்னவோ போல இருக்கிறது.

ஜூன் 24

எலும்பு இல்லை. இடைவெளி அப்படியே இருக்கிறது. பழைய தழும்புதான் இழுத்துப் பிடிக்கிறதாம். "இன்னும் அழுத்துங்க. பயப்படாதீங்க," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் அம்மா. யாரும் கூப்பிடவில்லை. கையில் பை. "இருக்கறதுக்கு வரல. பார்த்துட்டுப் போகத்தான்," என்றாள்.

சாயங்காலம் பயிற்சி நேரத்தில் எழுந்து வெளியே போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அத்தை திருகுவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பாறையில் முட்டி நின்றதும், "சம்பந்தி, நான் ஒரு தடவை..." என்றாள்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அம்மாவின் விரல்கள் ஜில்லென்று இருந்தன. திருகினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவளுக்கும் கொட்டியது. அம்மா போதும் என்று சொல்ல வாயில் இடமில்லை, கையைப் பிடித்தேன். என் கையை விலக்கிவிட்டு இன்னொரு சுற்று திருகினாள். காதுக்குள் ஏதோ நைந்த துணி கிழிவது போல ஒரு சத்தம். டாக்டர் சொல்லியிருந்த தழும்பு.

அத்தை போய் மூன்று பேருக்கும் காபி போட்டு வந்தார்.

ஆகஸ்ட் 2

கடையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு என்னை ஏன் பூட்டு என்கிறார்கள் என்று புரியவில்லையாம். "சாவி மாதிரி ஓயாம பேசுறீங்களேக்கா," என்றாள். சாவி எப்போது பேசியது?

அக்டோபர் 11

பின்பக்கக் கடைவாய்ப் பற்கள் நாலு சொத்தை. இத்தனை வருடம் பிரஷ் போகாத இடம், வேறு எப்படி இருக்கும்? இன்று முதல் பல்லை அடைக்கப் போனேன். துணைக்கு அம்மா வந்தாள். தெருமுனையில் இருக்கிற சின்னப் பல் கிளினிக். என் கதை எதுவும் தெரியாத டாக்டர்.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தேன். அவர் கண்ணாடியையும் ஊசியையும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு திறக்க வேண்டாம்மா. கன்னம் இழுக்குது, பல் தெரியல. கொஞ்சம் மூடுங்க," என்றார்.

மூடினேன்.

வெளியே வந்து அம்மாவிடம் சொன்னேன். பாதிக் கன்னம் மரத்துப்போய்ச் சொற்கள் குழறின. அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "என்ன சொன்னார்? மறுபடி சொல்லு," என்றாள். சொன்னேன். பஸ் வருவதற்குள் இன்னும் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள்.