மாக்கஸ் கயிறிழுக்கும் படம்

ஹெட்ஜ்பரி, இங்கிலாந்து
04.08.2024

அன்புள்ள மக்டலீனுக்கு,

நான் சுகம். நீரும் மகள் ஸ்டெபனி குடும்பமும் அங்கே சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் கதைத்தால் நீர் அழுவீர், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு இப்போது புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருக்கிறது. செப்டெம்பரில் ஊர் மண்டபத்தில் பழைய படக் கண்காட்சி. ரீச்சராக இருந்த மார்கிரட்தான் தலைமை. வீடு வீடாகப் போய்ப் படம் சேர்க்கிறா. கொல்லன் பட்டறை, பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடின வருடம், அறுவடைக் குதிரைகள் என்று எல்லாரும் தங்கள் படங்களைக் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் போகிறார்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒரு பூட்டன் இருக்கிறார், எல்லாப் பூட்டனுக்கும் ஒரே மீசை.

முப்பது வருடமாகப் பாலும் பேப்பரும் விற்றவரின் படம் இல்லாமல் இதென்ன ஊர்க் கண்காட்சி என்று மார்கிரட் முந்தாநாள் கேட்டா. மாக்கஸ் கயிறிழுக்கிற படம்தான் உடனே எனக்கு ஞாபகம் வந்தது. 2003 கோடை விழா, பக்கத்து ஊரோடு போட்டி. அவன்தான் கடைசி ஆள். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு சேற்றில் மல்லாந்து கிடந்து சிரிக்கிறான். மூலையில் உம்முடைய விரலும் விழுந்திருக்கும். நீர் கொண்டுபோன அல்பத்தில் இருக்கிறது. அனுப்புவீரா?

கடை வழமைபோலத்தான். போன் இலக்கத்தை மாற்றவில்லை. 2009 சண்டைக்குள் வன்னியிலிருந்து அவன் கடைசியாகப் போன் எடுத்தது இந்த இலக்கத்துக்குத்தான், அவனுக்குத் தெரிந்த விலாசமும் இதுதான், ஒருவர் இங்கே இருக்க வேண்டும் என்று நீர் சொல்லிவிட்டுப் போனதை நான் மறக்கவில்லை. முழங்கால்தான் சொல்வழி கேட்குதில்லை.

அன்புடன்,
வின்சன்ற்


ரூஜ், ரொறன்ரோ
19.08.2024

மாக்கஸின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு டொக்டரிடம் போங்கோ. கடைக்கு வாற சனத்திடம் வைத்தியம் கேளாதேங்கோ.

ஸ்டெபனியாக்கள் இந்த வீட்டை விற்றுவிட்டு அஜக்ஸில் பெரிய வீடு பார்க்கிறார்கள். எனக்குத் தனி அறையாம். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

படத்தை இத்துடன் அனுப்புகிறேன். என் விரலை வெட்டிவிடச் சொல்லாதேங்கோ. அன்றைக்கு விழாவில் ரோல்ஸ் பொரித்து விற்ற எண்ணெய்க் கையோடுதான் ஓடிவந்து கமராவைத் தூக்கினேன். உறைக்குது உறைக்குது என்று அழுதழுது மூன்றாம் ரோல்ஸ் வாங்கினவவும் உங்கள் மார்கிரட்தான்.

ஆனால் ஒன்று. செத்துப்போன ஆட்களின் படங்களோடு சேர்த்து அவனை மாட்டக்கூடாது. மெழுகுதிரி வேண்டாம், பூ வேண்டாம். பேருக்குக் கீழே பிறந்த வருடத்தைப் போட்டுக் கோடு இழுக்கவும் வேண்டாம். கோடு இழுத்தால் அதற்கு அங்கால் ஒரு வருடம் கேட்பார்கள். இங்கே கோயிலில் நவம்பர் மாதம் இறந்த ஆத்துமாக்களின் பேரை எழுதிப் பெட்டிக்குள் போடுவார்கள். போன வருடம் பாட்டுக்குழுப் பெட்டை ஒருத்தி, "அன்ரி, மாக்கஸ் அண்ணையின்ரை பேரும் எழுதட்டே?" என்று கேட்டாள். அவளோடு நான் இன்னும் கதைக்கவில்லை.

என் அக்காவைக் கூட்டிக்கொண்டு வாறன் என்று சொல்லி வன்னிக்குப் போன பிள்ளை அவன். அக்காவை அடக்கம் செய்த ஆட்களை நான் தேடிப்பிடித்துக் கதைத்துவிட்டேன். அவனை அடக்கம் செய்தேன் என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மக்டலீன்


ரூஜ், ரொறன்ரோ
30.09.2024

மாக்கஸின் அப்பாவுக்கு,

நேற்று மத்தியானம் பிக்கரிங்கிலிருந்து கஸ்பர் மச்சான் போன் எடுத்தார். "பிள்ளையின்ரை ஆத்துமா இளைப்பாறட்டும் மக்டலீன், இப்பவாவது முடிவு தெரிஞ்சுதே" என்றார். எந்தப் பிள்ளை என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார்.

உங்கள் ஊர்க் கண்காட்சியை யாரோ பேஸ்புக்கில் போட்டு, அது சுற்றிச் சுற்றி இங்கே வந்துவிட்டது. ஸ்டெபனி தன் போனில் பெரிதாக்கிக் காட்டினாள். என் பிள்ளையின் படத்துக்கு மாலை. நல்ல தடித்த வெள்ளை மாலை.

பின்னேரம் கோயில் சனம் சோறும் மரக்கறியும் கட்டிக்கொண்டு கதவடியில் வந்து நின்றார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அக்கறைதான். அவர்களை உள்ளே கூப்பிட்டு இருத்திவிட்டு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் அடுப்பை மூட்டி மீன் பொரித்தேன். ஸ்டெபனி அழுதபடி யன்னலைத் திறந்துவிட்டாள். ஒருவரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன்.

மாலையை ஆர் போட்டது? அதை மட்டும் எழுதுங்கோ.

மக்டலீன்


ஹெட்ஜ்பரி
09.10.2024

அன்புள்ள மக்டலீனுக்கு,

மாலை போட்டது நானில்லை. மார்கிரட்.

கடைக்குப் பின்னறையில் செத்துப்போன என் அப்புவின் படத்துக்குப் போட்டிருக்கிற பிளாஸ்ரிக் மாலையை அவ எத்தனை வருடமாகப் பார்க்கிறா. தமிழர்கள் தாங்கள் பெரிதாக மதிக்கிற ஆளின் படத்துக்கு மாலை போடுவார்கள் என்று அவவே முடிவுகட்டிவிட்டா. ரவுணுக்கு பஸ்ஸில் போய்க் கடை கடையாகத் தேடி வாங்கிவந்தவ. கொல்லனுக்கும் போடவில்லை, வெள்ளைக்காரத் துரைக்கும் போடவில்லை, உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் என்று என் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டினா. அந்த முகத்தில் இருந்த சந்தோசத்தை நீர் பார்த்திருந்தால் உமக்கும் ஏச வாய் வந்திராது.

கழற்றத்தான் கையை வைத்தேன். பூ வேண்டாம் என்று நீர் எழுதினது ஞாபகத்தில் இருந்தது. ஆனால் கழற்றவில்லை, மக்டலீன். மாலையைப் பிடித்தபடி நின்று அழுதேன். அவன் போன பிறகு நான் அழுதது அன்றைக்குத்தான். யாரோ ஒரு கிழவன் கதிரை கொண்டுவந்து எனக்குப் பின்னால் வைத்தான். அழுது முடிந்ததும் பிள்ளை செத்துப்போனான் என்று எனக்குள் நானே சொன்னேன். அது எனக்கு நெடுகத் தெரிந்ததுதான். இவ்வளவு காலமும் சொல்லப் பயம், உமக்கு முன்னால் அதைவிடப் பயம்.

கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். வேறு யாரோ நிற்பார்கள். சிரித்துக்கொண்டு அவர்களுக்குப் பால் எடுத்துக் கொடுப்பேன். பதினைந்து வருடம் இதுதான் என் வேலை. இனி என்னால் ஏலாது.

நவம்பர் இரண்டாம் திகதி ரவுண் கோயிலில் அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கிறேன். கடையை விற்கக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். டிசம்பரில் ரொறன்ரோவுக்கு வருகிறேன். அஜக்ஸ் வீட்டு அறை எங்கள் இரண்டு பேருக்கும்தான் என்று ஸ்டெபனி சொன்னாள். ஒரு இடத்தில் இருந்து இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம். உம்மை விட்டால் அவனைப் பற்றிக் கதைக்க எனக்கு ஆர் இருக்கிறார்கள்?

உம்முடைய,
வின்சன்ற்


ரூஜ், ரொறன்ரோ
24.10.2024

வின்சன்ற் அறிவது,

மார்கிரட்டில் எனக்குக் கோபமில்லை. அவவுக்குத் தெரியாது. உங்களிலும் கோபமில்லை, எழுதுகிறபோது அப்படித்தான் இருக்கிறது. உங்களுக்குக் களைத்துவிட்டது. நான் இங்கே பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டு இருக்க, நீங்கள் தனிய ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். இது சரியான பங்கில்லை என்று எனக்கு முந்தியே விளங்கியிருக்க வேண்டும்.

ஸ்டெபனியைக் கொண்டு மார்கிரட்டுக்கு ஒரு ஈமெயில் எழுதுவித்தேன். ஸ்டெபனி ஒவ்வொரு வரிக்கும் என்னோடு சண்டை பிடித்தாள், ஆனாலும் எழுதினாள். மார்கிரட் தன் வீட்டு மேலறையைத் தருவதாகப் பதில் போட்டிருக்கிறா. அந்த யன்னலால் பார்த்தால் கடை வாசல் தெரியுமாம். பிரிட்டிஷ் பாஸ்போட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். கடை வாங்குகிறவனுக்கு அந்தப் போன் இலக்கம் தேவைப்படாது. அதை என் பேருக்கு மாற்றிவிடுங்கோ. உங்களிடம் கேட்பது இது ஒன்றுதான்.

நீங்கள் அஜக்ஸுக்குப் போங்கோ. நல்ல வெயில் படுகிற அறை. பிள்ளைகள் உங்களில் ஒட்டுவார்கள். பூசை உங்கள் விருப்பம், நான் மறிக்கமாட்டேன், என்னை வரச் சொல்லாதேங்கோ.

நான் டிசம்பர் முதற்கிழமை வருவேன். எயாப்போட்டுக்கு வர வேண்டாம். நான் வந்து இறங்குவதற்கு முதல் நீங்கள் வெளிக்கிட்டுவிட வேண்டும். உங்கள் முகத்தைக் கண்டால் நானும் நம்பிவிடுவேன்.

மக்டலீன்