ஃபியூஸ் இடத்தில் கம்பி

கார்த்திகை 9, திங்கள்

டீச்சரம்மாவின் காருக்கு இன்று ஹாரன் மாற்றினேன். பேட்டரி வயரைக் கழற்றாமலே வேலை பார்த்தேன். ஸ்பேனர் வழுக்கிப் பொறி பறந்தது, விளக்கெல்லாம் செத்துப்போயின. ஃபியூஸ் போயிருந்தது. புதிதாகப் போட்டதும் அடுத்த நொடியே போனது. எங்கோ வயர் உருகி பாடியில் தொடுகிறது. தேடிப் பிடிக்க ஒரு மணி நேரமாகும்.

“ஏனுங்க, மாமியாரை சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணும். நொம்ப நேரமாவுங்களா?” என்றார்.

ஃபியூஸ் இடத்தில் செம்புக் கம்பியைக் கட்டினேன். ஃபியூஸ் போல அது அறுந்து கரண்டை நிறுத்தாது, வயர்தான் சூடாகும். விளக்கு எரிந்தது. அனுப்பிவிட்டேன்.

மனசு கேட்காமல் பத்து நிமிடத்தில் போன் செய்தேன்.

“நல்லாத்தானுங்க போகுது. ரப்பர் கருகுற வாசம் மட்டும் அடிக்குதுங்க.”

“வண்டிய நிறுத்திட்டு ரெண்டு பேரும் எறங்குங்க!” என்று கத்தினேன்.

பைக்கில் விரட்டிப் போனேன். கொண்டை ஊசி வளைவில் இருவரும் ஓரமாக நின்றிருந்தார்கள். பானெட்டில் புகை. பேட்டரி வயரைப் பிடுங்கினேன். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓடியாந்து காப்பாத்துனியே சாமி, நல்லா இருப்பே” என்றார். கம்பியைப் பற்றி நான் சொல்லவில்லை.

போன வாரம் கொட்டச்சேடு ஊர் ஜீப் ஒன்றுக்கும் இப்படித்தான் கம்பி கட்டிக் கொடுத்தேன். தினமும் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டி. சாயங்காலத்திலிருந்து டிரைவருக்குப் போன் அடிக்கிறேன். எடுக்கவில்லை.