அலமாரியில் இருந்த கையுறை

மார்ச் 4

உலைக்கூடத்துக்குக் கையுறை தரும் ஆர்டர் தம்பிக்கே கிடைத்துவிட்டது. நான் தலையிடவில்லை. "அவன் என் தம்பி, ஆர்டர் யாருக்குன்னு முடிவு பண்றதுல நான் உக்கார மாட்டேன்" என்று மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். மூன்று பேருடைய மாதிரிகளையும் நெருப்பில் காட்டிப் பார்த்தார்கள். அவனுடையதுதான் தாங்கியது. அதில் சீட்டுக் கட்டி, சீட்டில் கையெழுத்துப் போட்டு, என் அலமாரியில் பூட்டியாயிற்று. வருகிற சரக்கையெல்லாம் இனி அதோடு ஒப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த வேலை மட்டும் என்னுடையது.

மார்ச் 19

முதல் சரக்கு. மாதிரியில் உள்துணி இரண்டு மடிப்பு, இதில் ஒன்றுதான். போனில் கத்தினேன்.

"அக்கா, இந்த ஒரு தடவ மட்டும். திருப்பி அனுப்பினா பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான். அடுத்த லோடு ஒழுங்கா தர்றேன், உன்மேல சத்தியம்."

என்மேல் எதுக்குடா சத்தியம்?

மார்ச் 20

செய்துவிட்டேன். புதுச் சரக்கில் ஒன்றை எடுத்து, மாதிரியிலிருந்த சீட்டை அவிழ்த்து அதில் கட்டினேன். நான் ஒப்பிட்டு எடுத்ததைச் சரிபார்க்கும் பரிசோதகர் வந்து, சீட்டுக் கட்டியதையும் சரக்கையும் தடவிப் பார்த்தார். "அச்சு அசலா இருக்கு" என்றார். சிரித்து வேறு வைத்தேன். நல்ல கையுறை என் கைப்பையில் வீட்டுக்கு வந்தது.

மார்ச் 27

அம்மா அதைப் போட்டுக்கொண்டு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிறாள். "சுடவே இல்லடி. என் புள்ள செஞ்சதுன்னா சும்மாவா?"

ஏப்ரல் 2

உருகிய இரும்பை ஊற்றுகிறவர், எங்கள் எல்லோருக்கும் உலைக்கார அண்ணன், இன்று அலுவலகப் பக்கம் வந்தார். "ஏம்மா, கையுறை வாங்கினீங்களா, கைக்குட்டை வாங்கினீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஏப்ரல் 9

உலைக்கார அண்ணனின் வலது கை. ஐயோ.

ஏப்ரல் 11

ஆஸ்பத்திரிக்குப் போனேன். முழங்கை வரை கட்டு. இரண்டு விரல் இனி மடங்காதாம். கையுறை மாதிரியோடு பொருந்துகிறது, அதனால் கவனக்குறைவு அவருடையது என்று எழுதப்போகிறார்கள். நஷ்டஈடும் கிடையாது.

அவர் மனைவி என்னிடமே கேட்கிறாள்: "நீங்க பாத்துதானேக்கா வாங்கினீங்க?"

பார்த்துத்தான் வாங்கினேன். பாவி நான், பார்த்துத்தான் வாங்கினேன்!

ஏப்ரல் 12

காலையில் அடுப்படிக்குப் போய் கையுறையை எடுத்தேன். எதற்கு என்றாள் அம்மா. எல்லாம் சொன்னேன். அவளும் கையுறையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் உன் கூடப் பொறந்தவன்டி."

"வெந்து போன கையும் ஒருத்தி பெத்ததுதாம்மா."

விடவில்லை. நான்தான் பிடுங்கினேன். இதுதான் அசல் மாதிரி என்று மேலாளர் மேஜையில் வைத்து, தையலைப் பிரித்து, இரண்டு மடிப்பையும் காட்டினேன். வெளியெல்லாம் எங்கள் அடுப்புக் கரி.

மே 6

எனக்கு வேலை போயிற்று. தம்பி பட்டறையை மூடிவிட்டான். அம்மா அவனோடு போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. உலைக்கார அண்ணன் மேல் தவறில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். அவர் மனைவி போன் செய்து அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒருத்திக்குத்தான் சமையல். பழைய துணியை ஒற்றையாகப் பிடித்துப் பாத்திரத்தை இறக்கினேன். சுட்டது. கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.