கிலோவுக்குக் கிலோ

அன்புள்ள நைனாவுக்கு,

நர்மதாவோட வணக்கம். முட்டி வலி பரவால்லையா? போன்ல பேசினா உங்களுக்குக் காது கேக்கல, அதான் எழுதறேன்.

கும்மிடிப்பூண்டில நான் நல்லா இருக்கேன். போன வாரம் கம்பெனி லேப்ல ஒரு கூத்து. மிச்சமான ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டோட வீரியத்தை அடக்க காஸ்டிக் சோடா போடணும். கிலோவுக்குக் கிலோ போட்டுட்டேன், அடங்கல.

"இன்னாம்மா, காய்கறியா நிறுக்கிற?"ன்னு சூப்பர்வைசர் கத்தினாரு.

குண்டு நெல்லுன்னா விதையை எடை கூட்டிப் போடுவீங்களே, நாத்து எண்ணிக்கை குறையக் கூடாதுன்னு? அதே கதைதான் நைனா. காஸ்டிக்கோட துகள் கனம் அதிகம். முப்பத்தாறரை கிலோ ஆசிட்டுல எத்தனை துகளோ, அத்தனை துகள் காஸ்டிக்ல வர நாப்பது கிலோ வேணும். எடையை எண்ணிக்கையா மாத்துற இதுதான் மோல் கணக்கு. நானே திரும்பப் போட்டு, நானே அடக்கினேன்.

கைல ரெண்டு சொட்டு தெறிச்சுது, அவ்ளோதான். ஊட்டுக்கு வந்துடுன்னு மட்டும் சொல்லாதீங்க. வேலை நிரந்தரம் ஆகாம நான் வரமாட்டேன்.

அம்மா போட்ட வடகம் கொஞ்சம், முழுக்கை சுடிதார் ரெண்டு குடுத்தனுப்புங்க. ஷிப்ட் பஸ் வந்துடுச்சு. முழுக்கை எதுக்குன்னு அம்மா கேட்டா கம்பெனி ரூல்னு சொல்லிடுங்க. நீங்களும் அப்படியே நெனைச்சுக்கோங்க.

நர்மதா